காப்பு மேல் காப்பு

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரை லட்சம் காப்புக்காரர்களைப் பார்த்தவள் நான். சரி, லட்சம் கொஞ்சம் அதிகம், பதினொரு பேர். அதிலும் நாலு பேர் என் பிறந்த வீட்டார். ஆகவே இந்த இனத்தைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டு.

காப்புக்காரர் யார்? கடற்காற்றில் உப்பு இருக்கிறது என்ற ஒரே உண்மையைக் கண்டுபிடித்து, அதற்காகவே வாழ்கிறவர். ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் உறை, உறை கழன்றுவிடாமல் ரப்பர் பேண்டு, சோபாவுக்குத் துணி, துணி அழுக்காகாமல் மேலே ஒரு துண்டு, துண்டு கசங்காமல் இருக்க விருந்தாளிக்குத் தரையில் பாய் என்று அடுக்கிக்கொண்டே போவார். எதையாவது அனுபவித்தாரா? கிடையாது. எல்லாம் புத்தம் புதுசு!

மாமல்லபுரத்தில் எங்கள் அடுத்த வீட்டு ஸ்ரீனிவாசராகவன் இந்த இனத்தின் திலகம். பரம்பரையாகப் பெருமாள் விக்கிரகம் கெடாமலிருக்கத் தைலக்காப்பு சாத்திய குடும்பம். இவர் மட்டும் ஆபீசில் குப்பை கொட்டி ரிட்டையரானார். கை சும்மா இருக்குமா?

போன தை மாதம் அவர் மனைவி கோமளம், மாடியில் குடியிருந்த பிரெஞ்சுக்காரியிடம் சீஸ் செய்யக் கற்றுக்கொண்டாள். ருசி பிடித்துப்போனால் வாராவாரம் வாங்கிக்கொள்வதாகக் கடற்கரை விடுதிச் சமையல்காரர் கண்ணாயிரம் சொல்லியிருந்தார். கோமளம் ஆயுளில் தனக்கென்று ஆசைப்பட்ட முதல் காரியம் அதுதான்.

"ஏன்னா, உப்புத் தடவி மேல்தோல் நன்னா உலரணும். அப்புறம் மெழுகு ஒரே பூச்சு, மெல்லிசா. அதுவும் மூச்சு விடணும்னா."

"மூச்சா? அது என்ன, உன் தம்பியா? காத்துப் பட்டா பூஞ்சை பிடிச்சுடும்டீ!"

ஈரம் உலருமுன்பே மெழுகை உருக்கி ஊற்றினார். மெழுகு விரிசல் விடுமென்று அதன்மேல் நெய். நெய்க்கு எறும்பு வருமென்று மஞ்சள். மஞ்சள் உதிருமென்று மறுபடி மெழுகு. அதற்கும் மேலே பாலிதீன். பழைய பிரிட்ஜில் எழுந்தருளப் பண்ணி, முன்னால் ஒரு திரையும் கட்டினார். தேங்காய் அளவு இருந்த சீஸ் பூசணிக்காயாகி, சில நாளில் தானாகவே உப்பத் தொடங்கியது.

"பார்த்தியா, வளர்றது!" என்று பூரித்தார்.

கண்ணாயிரம் வந்தார்.

"இன்னா சார் இது, வெடிகுண்டு மாதிரி கீது?"

"தொடாதேப்பா! காப்பு கலைஞ்சுடும்."

"தொடாம எப்டி சார் துன்றது?"

"கண்ணால பார்த்துட்டு ஆர்டரைக் கொடு. வெட்டினா உள்ளே காத்துப் போயிடும்."

கண்ணாயிரம் அதற்குள் கத்தியை இறக்கிவிட்டார். குக்கர் விசில் மாதிரி ஒரு சத்தம். பூசணிக்காய் சப்பென்று அமுங்கியது. வந்த வாடையில் அர்ஜுனன் தபசுப் பாறையில் நிற்கும் கல் யானை தும்மிற்று. என் காதால் கேட்டேன்.

"சீஸ் வாணாம் சார். அந்த மெழுவ குடு, கரண்டு போனா கொளுத்திக்கிறேன்" என்று கண்ணாயிரம் செருப்பை மாட்டினார். கோமளத்தின் ஆசை அவ்வளவுதானா?

"செத்த இருப்பா" என்றாள் அவள்.

மகன் வாங்கித் தந்த புது பிரிட்ஜ் ஒன்று, கரண்ட் கொடுத்தால் தேய்ந்துவிடும் என்று, தலை முதல் கால் வரை துணி போர்த்தி இரண்டு வருஷமாகக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தது. கோமளம் துணியை விருட்டென்று உருவிக் கதவைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரிந்தது! நன்றாக உலர்த்தி, ஒரே பூச்சுப் பூசிய இன்னொரு சீஸ் ஜில்லென்று உட்கார்ந்திருந்தது. தூசி புகுமென்று அந்தத் துணியை அவர் ஒருநாளும் தூக்கிப் பார்க்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரியாதா? பிரிட்ஜின் இரைச்சல் கேட்டபோதெல்லாம் எங்கள் வீட்டு மோட்டாரைத்தான் அவர் திட்டிக்கொண்டிருந்தார்.

கண்ணாயிரம் ஒரு துண்டை வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

"சோக்கா கீதும்மா! வாரத்துக்கு நாலு குடு."

கோமளத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. ஸ்ரீனிவாசராகவன் கேட்டது ஒன்றுதான்: "துணியை யார் உருவச் சொன்னா?"

ஆனாலும் அன்றோடு மனிதர் திருந்திவிட்டார். இப்போது எதற்கும் உறை போடுவதில்லை. நீங்கள் சிரிக்கிறீர்களே, உங்கள் செல்போன் கண்ணாடியில் கடையில் ஒட்டிவந்த தாளை உரித்தாயிற்றா? கிளம்பிய மூலையைக் கட்டைவிரலால் இப்போதுதானே அழுத்தி ஒட்டினீர்கள்?

இதுவரை எழுதியதைக் கோமளத்துக்குப் படித்துக் காட்டினேன்.

"யாரு மாமி திருந்தினா?" என்றாள். "நான் உருவின துணியைப் பழைய பிரிட்ஜுக்குப் போட்டு, சுத்திவரத் தைச்சே முடிச்சுட்டார். உள்ளே என் தயிர் மாட்டிண்டிருக்கு!"