மூன்றாம் எண்ணின் ஈகாரம்

உலகில் சமத்துவம் முழுமையாக நிறைவேறிய நாடு சுவீடன்தான். அங்கே கடைநிலை ஊழியரும் தலைமை இயக்குநரைப் பெயர் சொல்லி, 'நீ' என்றே அழைக்கலாம். உயிரெழுத்துகள் மட்டும் இன்னும் அந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை.

ஹில்லெவி, வீபி என்ற சிற்றூரில் உருளைக்கிழங்குக் கிடங்கில் ஆறு ஆண்டுகளாகத் 'தற்காலிகமாக' வேலை பார்ப்பவள். அவ்வூரார் ஈகாரத்தைப் பல்லிடுக்கில் வைத்து ரீங்கரித்துத்தான் வெளியே விடுவார்கள். ஸ்டாக்ஹோமில் அதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனாலும் ரயில் அறிவிப்புக்குக் குரல் தேவை, வேலை நிரந்தரம் என்றதும் அவள் துணிந்து ஒலிப்பதிவை அனுப்பிவிட்டாள். இது கிடைக்காவிட்டால் மறுபடி கிழங்குதான்.

தேர்வுக் குழு பாரபட்சத்தை ஒழிப்பதில் தீவிரமானது. பெயர், ஊர் எல்லாம் உறைக்குள் போட்டு ஒட்டப்பட்டன; எண் மட்டுமே மேசைக்கு வந்தது. ஏலக்காய் ரொட்டியும் காப்பியுமாக இரண்டு மணி நேரம் கேட்டபின், மூன்றாம் எண் ஏகமனதாகத் தேர்வானது. தலைவர் சிக்ஸ்டென், லிடிங்யோ தீவில் படகுத்துறையோடு வீடு உள்ளவர். அந்தத் தீவுச் சீமான்களும் ஈகாரத்தை ரீங்கரிப்பவர்களே. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன ஒரு ஈகாரம். மூணு தலைமுறையா படகு வச்சிருந்தாதான் இது வாயில வரும்."

வெளியே மூன்றாம் எண் சீட்டோடு காத்திருந்த ஹில்லெவியை உள்ளே அழைத்து, காப்பி ஊற்றிக் கொடுத்து, உறையைப் பிரித்தார்கள். வீபி என்றிருந்தது. ஒலிப்பதிவை 'நடைமுறைக் காரணங்களுக்காக' மறுபடி ஓடவிட்டார்கள்.

"இப்ப கேட்டா மண்ணு நறநறங்குது" என்றார் உறுப்பினர் ஒருவர், மிகுந்த வருத்தத்தோடு. மற்றவர்களுக்கும் உடனே நறநறத்தது. இதிலும் ஏகமனதுதான்.

ஹில்லெவி தலைவர் பக்கம் திரும்பினாள். "சிக்ஸ்டென், நீயும் இதே மாதிரிதானே சொல்ற?"

சிக்ஸ்டென் கோபப்படவில்லை. ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "நான் வேணும்னே சொல்றேன், ஹில்லெவி. உனக்கு அதுவா வருது."

அவள் ரொட்டியைத் தொடாமல் எழுந்து போய், ஊருக்கு ரயில் ஏறினாள். குழு கலையவில்லை. திறமையான ஒரு பெண்ணுக்கு வீண் நம்பிக்கை தரும்படியாகத் தன் நடைமுறையில் ஓட்டை இருந்ததை மனம் நொந்து ஒப்புக்கொண்டு, அன்றே தீர்மானம் போட்டது: பாரபட்சத்துக்குக் கடுகளவும் இடமில்லாதபடி, இனிமேல் குரலைக் கேட்பதற்கு முன்பே முகவரி வாசிக்கப்படும்.