துண்டு குளித்ததற்குச் சான்று

அன்புள்ள தங்கைக்கு அண்ணன் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள், இந்தக் கடிதத்தை மேற்கொண்டு படிக்கும் தெம்பும் உனக்கு இருக்கும் என்று நம்புகிறேன்.

முதலில் என் மானம் போன கதை. என் மகள், அதான் உன் மருமகள், தமிழ்ப் பரீட்சையில் கோட்டை விட்டுவிட்டாள். பாடத்தில் ஒரு கதை. மழைக்கு ஒதுங்கிய ஒரு கிழவரை ஒரு கடைக்காரர் உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறார். ‘கடைக்காரர் இரக்கமுள்ளவர் என்பதைத் தக்க சான்றுடன் ஒரு பத்தியில் நிறுவுக’ என்பது கேள்வி. இவள் எழுதியது: ‘கடைக்காரர் இரக்கமுள்ளவர். ஏனெனில் அவர் மிகவும் இரக்கமுள்ளவர். ஆகவே அவர் இரக்கமுள்ளவரே.’ டீச்சர் ‘சான்று எங்கே?’ என்று சிவப்பு மையில் கேட்டு முட்டை போட்டுவிட்டார். நானோ ஜெராக்ஸ் கடைக்காரன். சான்று என்றால் எனக்கு ஒன்றுதான் தெரியும். “இதுக்கா அழுறே? அப்பா கடை வெச்சிருக்கிறது எதுக்கு?” என்று அவளுடைய பிறப்புச் சான்றிதழைப் பிரதி எடுத்து, ‘அசலுடன் சரிபார்க்கப்பட்டது’ என்று முத்திரையும் வாங்கி, விடைத்தாளோடு சேர்த்துப் பின் அடித்து அனுப்பிவிட்டேன். அவளும் நம்பி எடுத்துப் போனாள், பாவம். டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கடைக்காரர் இரக்கமுள்ளவர்ங்கிறதுக்கு நீ பொறந்தது எப்படிம்மா சான்று?” என்றாராம். வகுப்பே சிரித்ததாம்.

விளையாட்டில்லை, தங்கச்சி. மாதக் கடைசியில் மறுபரீட்சை. அதிலும் போனால் இதே வகுப்பில் இன்னொரு வருஷம்; ஒட்டிக்கொண்டே திரியும் சிநேகிதி மேலே போய்விடுவாள். “அப்புறம் நான் யார் பக்கத்துல உட்காருவேன்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்கிறாள்.

டீச்சரைப் போய்ப் பார்த்தேன். கூற்று, சான்று, விளக்கம் மூன்றும் ஒரே பத்தியில் இருக்கணும் என்றார். “பத்தின்னா, எதைப் பத்திங்க?” என்றேன். அவர் தண்ணீர் குடித்தார். அன்றிலிருந்து நம்ம வீடு கோர்ட்டாயிடுச்சு.

“அப்பா, குளிச்சீங்களா?”

“குளிச்சேன்.”

“அது கூற்று. சான்று?”

“துண்டு ஈரமா இருக்கு, பாரு.”

“துண்டு ஈரமா இருந்தா துண்டு குளிச்சிருக்கு. நீங்க குளிச்சதுக்கு அது எப்படிச் சான்றாகும்? விளக்கம் சொல்லுங்க.”

உன் அண்ணி அடுப்படியிலிருந்து, “விளக்கமெல்லாம் எதுக்குடி? கிட்டப் போய் மோந்து பாரு!” என்கிறாள்.

தினமும் இதே கூத்துதான். நான் “அப்படின்னா?” என்பேன். மகள் தலையில் அடித்துக்கொள்வாள். “ஐயோ அப்பா! கடைக்காரர் நாற்காலியைக் குடுத்துட்டு நின்னாரு. அது சான்று. அவருக்குக் கால்வலின்னு கதையில முன்னாடியே வருது. வலியோட நிக்கிறாருன்னா தன் கஷ்டத்தைவிட அடுத்தவங்க கஷ்டம் அவருக்குப் பெருசு. அது விளக்கம். இதுகூடவா புரியலை?”

“நாற்காலி யாரோடதுன்னு சொன்னே?” என்பேன். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள்.

ஆகவே, நீ டீச்சரா இருக்கிறவ, கடிதம் கண்டதும் லீவு போட்டுட்டு பஸ் ஏறு. இந்தப் பிள்ளையை என்கிட்டேருந்து காப்பாத்து. மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் குழந்தைகள் அப்பாவிடம் சந்தேகம் கேட்காமலே நன்றாகப் படித்து வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் மக்கு அண்ணன்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்து மறந்தே போனேன். அதற்குள் மறுபரீட்சை வந்து, அவள் பாஸும் ஆகிவிட்டாள். நீ லீவு போட வேண்டாம். நேற்று அவள் சிநேகிதியிடம், “எங்கப்பாவுக்குப் புரியவெச்சுப் புரியவெச்சே எனக்கு நல்லா வந்துடுச்சு. பாவம், அவருக்குத்தான் இன்னும் ஏறலை” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று நானும் தலையாட்டி வைத்தேன். துண்டு குளித்த அன்றைக்கே எனக்குப் புரிந்துவிட்டது என்பதை மட்டும் வாய் திறந்து சொல்லவில்லை.