வேகமா வாசிச்சா கல்யாணம்

எனக்குச் சங்கீதம் தெரியாது என்பது காரைக்காலில் ஒரு தெரு முழுக்கத் தெரியும். அந்தத் தெருவில் எனக்குச் சொந்தக்காரர் ஒருவரும் கிடையாது. ஒரே ஒரு சாயங்காலம் என்னைப் பார்த்தவர்கள்தான். அதுவே போதுமானதாக இருந்தது.

எழுபதுகளின் நடுவில் என் அக்கா விஜயாவுக்குக் கல்யாணம். நாங்கள் வரிச்சிக்குடி, மாப்பிள்ளை வீடு திருமலைராயன்பட்டினம், மண்டபம் காரைக்காலில். மாப்பிள்ளை அழைப்புக்குப் பேண்டு பிடிக்கும் வேலையை மட்டும் அப்பா என்னிடம் விட்டார். (பி.யூ.சி. வரை படித்தவன், இதற்காவது ஆவான் என்று நினைத்திருப்பார்.)

என் மனதில் ஒரு பாட்டு தயாராக இருந்தது. சில வாரங்களுக்கு முன் பஸ்ஸில் வரும்போது, மாதா கோயில் பக்கம் வெள்ளை உடுப்புப் போட்ட பேண்டுக்காரர்கள் எதிரே வந்தார்கள். நிறுத்தி நிதானமாக, கம்பீரமாக ஒரு பாட்டு வாசித்தார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவர்களுக்குப் பின்னால் என்ன வந்தது என்று பார்ப்பதற்குள் பஸ் திரும்பிவிட்டது.

அது என்ன பாட்டாக இருக்கும் என்று யோசித்தேன். எங்கள் ஊரில் சாவு மேளம் என்றால் செத்தவரே எழுந்து ஆடுகிற வேகத்தில் அடிப்பார்கள். முகூர்த்தத்துக்கு முந்தி நாயனம் வாசிப்பதோ இழுத்து, மெதுவாக. ஆக, வேகம் என்றால் துக்கம், மெதுவென்றால் மங்கலம். இதைக்கூடக் கண்டுபிடிக்காவிட்டால் நான் படித்த படிப்புக்கு என்ன அர்த்தம்?

விசாரித்து, அந்தப் பேண்டின் மாஸ்டர் வீட்டுக்குப் போய் அந்த மெட்டைச் சீட்டியடித்துக் காட்டினேன். மாஸ்டர் முகம் ஒரு மாதிரி ஆனது.

"இதையா தம்பி? கல்யாணத்துக்கா?"

"இதேதான் மாஸ்டர். ஊர்வலம் பூரா இதையே வாசிங்க. அன்னைக்கு வாசிச்ச மாதிரியே மெதுவா."

"வீட்டுல பெரியவங்கள ஒரு வார்த்த கேட்டுக்குங்களேன்."

"எல்லாருக்கும் சம்மதந்தாங்க."

அவர் உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். "சரி, அவங்க வழக்கம் என்னவோ, நமக்கென்ன தெரியும்" என்று முனகினார். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று, விளக்கு வைக்கும் நேரத்தில் பிள்ளையார் கோயிலில் இருந்து ஊர்வலம் கிளம்பியது. திறந்த காரில் கோட்டு சூட்டோடு அத்தான். முன்னால் பேண்டு. அதற்கும் முன்னால், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நான்.

மாதா கோயில் தெருவுக்குள் நுழைந்ததும் சைக்கிளில் வந்தவர் இறங்கி நின்றார். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். ஆகா, என்ன மரியாதை தெரிந்த தெரு! ஒவ்வொருவருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டே நடந்தேன். மாலையும் கழுத்துமாக அத்தான் வேறு கூச்சத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

தொப்பிக்காரப் பெரியவர் என் கையைப் பிடித்தார். "யாருக்குப்பா? எப்ப?"

"எங்க அக்காவுக்குங்க. நாளைக்குக் காலையில."

"நாளைக்கா?" பெரியவர் தடுமாறிப் போய்க் காரைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அட பாவி! எங்க ஆளுங்கள கல்லறைக்குத் தூக்கிட்டுப் போறப்ப வாசிக்கிறதுடா இது!"

அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல். "வண்டிய நிறுத்துங்க!"

அத்தானின் அம்மா. அக்காவுக்கு வரப்போகும் மாமியார். கையில் இருந்த தட்டைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

"என்ன தம்பி இது? எம்புள்ளயப் பாத்து ஏன் எல்லாரும் சிலுவ போடுறாங்க? என்ன பாட்டு இது?"

'சாவு' என்ற சொல் என் வாயிலிருந்து விழுந்தால், கார் அப்படியே திருமலைராயன்பட்டினத்துக்குத் திரும்பிவிடும். மண்டபத்தில் அக்கா மருதாணிக் கையோடு உட்கார்ந்திருக்கிறாள். வாயைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன்.

அப்போது எதிர் வீட்டு வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். கழுத்தில் ஜெபமாலை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் 'சொல்தா' என்போம். அது ஒரு சொல்தா வீடு.

"அது எங்க கோயில் பாட்டுங்க," என்றார் அந்த அம்மா. "வீட்டுக்கு வர்றவங்களக் கூப்புடுறது. 'வா மகனே, வீடு வந்தாச்சு, கதவு தொறந்திருக்கு, இனிமே ஒனக்குக் கவலயில்ல'ன்னு அர்த்தம். அதான் எல்லாரும் சிலுவ போட்டு ஆசீர்வாதம் பண்றாங்க."

அத்தனையும் நிஜம். எந்த வீடு என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

பிறகு பேண்டைப் பார்த்து, "என்ன மாஸ்டர், கல்யாணத்துக்கு இப்புடியா இழுக்குறது? வேகமா வாசிங்க!" என்று ஒரு அதட்டல் போட்டார்.

மாஸ்டர் இதற்காகவே காத்திருந்தவர் போல டிரம்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அதே பாட்டு குதித்துக்கொண்டு கிளம்பியது. தெருப் பிள்ளைகள் ஆட ஆரம்பித்தார்கள். தொப்பிக்காரப் பெரியவர்கூடத் தாளம் போட்டார். ஒரு நிமிஷம் முன்னால் எல்லாரையும் எழுந்து நிற்க வைத்த துக்கம் எங்கே போனது என்று எனக்குப் புரியவேயில்லை. அது பாட்டில் இருந்ததா, வேகத்தில் இருந்ததா, கேட்டவர்கள் மனதில் இருந்ததா?

கல்யாணம் நன்றாக நடந்தது. பந்தியில் சாப்பிடும்போதுதான் மாஸ்டர் சொன்னார், நான் பஸ்ஸில் பார்த்த அன்று அவர்கள் வாசித்தது அந்த அம்மாவின் கணவருக்கு என்று. சாயங்காலமே பழமும் பலகாரமும் எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்கு ஓடினேன். காலில் விழப் போனவனைத் தடுத்துவிட்டார்.

"எனக்கும் நல்லதுதான் தம்பி. அவரு போனதுலேருந்து அந்தப் பாட்டு காதுல மெதுவாவே கேட்டுக்கிட்டிருந்துச்சு. நேத்துலேருந்து வேகமாவும் கேக்குது."

தன் துக்கத்தை எடுத்து என் அக்காவுக்குச் சீராகக் கொடுத்த அந்த மனுஷிக்கு நான் இன்றுவரை நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அக்கா மகளுக்குக் காதுகுத்து. அக்காவின் மாமியார் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, பேண்டுக்குச் சொல்லிட்டியா? அந்தச் சாவுப் பாட்டையும் வாசிக்கச் சொல்லு."

குடித்துக்கொண்டிருந்த காப்பி புரையேறியது. "அத்தை! உங்களுக்கு எப்புடி..."

"ஏன், பட்டினத்துல கோயில் இல்லையா, சாவு இல்லையா? அன்னைக்கே தெரியும். நீ என்ன சொல்றேன்னு பாத்தேன். மீனு மாதிரி வாயத் தொறந்து தொறந்து மூடுன. அந்த அம்மா, முன்ன பின்ன தெரியாதவங்க, நம்ம கல்யாணத்துக்காக வாசல்ல வந்து நின்னு பேசுறாங்க. அதுக்கு மேல நான் என்னத்தக் கேக்குறது?"

"உங்களுக்கு அபசகுனமாப் படலையா அத்தை?"

"அந்தப் பாட்டோட வந்த மருமவதான் இத்தன வருசமா எனக்குச் சோறு போடுறா. எனக்கு அது கல்யாணப் பாட்டுதான், போ."

இப்போதும் எங்கள் குடும்பத்தில் கல்யாணம் நிச்சயமானால், தாம்பூலத் தட்டைக் கீழே வைக்குமுன் யாராவது ஒருவர் சம்பந்தி வீட்டார் காதுபடவே கேட்டுவிடுவார்கள்: "சாவுப் பாட்டுக்குச் சொல்லியாச்சா?"