உரிய இடத்துக்கு அனுப்பிவைப்பவர்

கைவிடுகிறவர்களை நமக்கு நன்றாகத் தெரியும். கதவைச் சாத்துவார்கள், போனை எடுக்க மாட்டார்கள், "அப்புறம் பார்க்கலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவர்களைத் திட்டுவது சுலபம். வாயாரத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிடலாம். நான் சொல்ல வந்தது அந்த இனத்தைப் பற்றி இல்லை. இது வேறு இனம். இவர் கதவைத் திறந்தே வைத்திருப்பார். எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போடுவார், தண்ணீர் கொடுப்பார், மின்விசிறியை உங்கள் பக்கம் திருப்பி வைப்பார், நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அவர் கண் கலங்கிவிடும். பிறகு உங்களை இன்னொருவரிடம் அனுப்பிவைப்பார்.

அனுப்பிவைப்பவர் ஆயுசில் ஒருமுறைகூட "முடியாது" என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போடலாம். இவரோடு எப்படிச் சண்டை போடுவது? உங்கள் தோளைத் தட்டிக்கொண்டே இருக்கிறாரே!

இந்த இனம் எல்லா இடத்திலும் வளரும். அலுவலகத்தில் உண்டு, ஆஸ்பத்திரியில் உண்டு, உங்கள் சொந்தக்காரர்களிலேயே நாலைந்து பேர் தேறுவார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் நானே, கேட்ட மருந்து இல்லையென்றால் அடுத்த கடைக்கு அனுப்புகிறவன்தான். ஆனால் வாசல் வரை வந்து கண்ணைத் துடைத்துக்கொள்ள மாட்டேன். இந்த இனத்தின் முழு வளர்ச்சியைப் பார்க்க வேண்டுமென்றால் ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவுக்குத்தான் போக வேண்டும். நான் போனேன். என் அக்கா மகளால் போனேன்.

அக்கா மகளை வீட்டில் வாலு என்றுதான் கூப்பிடுவோம். பிறந்ததிலிருந்து ஒரு இடத்தில் உட்கார்ந்தவள் இல்லை, வாயை மூடியவளும் இல்லை. மூன்றாம் வருடம் படிக்கிறாள். இந்த செமஸ்டரில் அக்காவுக்குப் பெரிய ஆபரேஷன். அத்தான் வேலை விஷயமாக மாதக்கணக்கில் வெளியூர். வாலு ஹாஸ்டல் அறையைப் பூட்டிக்கொண்டு வந்து அம்மாவின் கட்டிலருகிலேயே கிடந்தாள். அக்கா தேறிவிட்டாள். இவள் தேறவில்லை. திரும்பிக் கல்லூரிக்குப் போனவளுக்குத் தூக்கம் இல்லை, தட்டைத் தொடுவதில்லை, பேச்சே இல்லை. போதாததற்கு, வகுப்புக்கு வராத நாட்களைத் துறைத்தலைவர் வெள்ளிக்கிழமைக்குள் மன்னித்து ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் பரீட்சை எழுத முடியாது, வருடம் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள்.

விஷயம் அவ்வளவுதான். மூச்சு விடாமல் சொன்னால் இரண்டே வாக்கியம்.

நல்ல எண்ணத்தோடுதான் அந்தப் பிரிவைத் தொடங்கியிருக்கிறார்கள். கஷ்டத்தில் இருக்கும் பிள்ளை அறை அறையாக அலையக் கூடாது, ஒரே ஆள் அதன் கேஸைக் கையில் எடுத்து முடிவு வரை கூடவே நிற்க வேண்டும் என்பது ஏற்பாடு. எவ்வளவு அருமையான யோசனை! அந்த ஒரே ஆளாக நம்மவரை உட்கார வைத்துவிட்டார்கள். எல்லாரும் அவரைப் பொறுப்பாளர் என்பார்கள். குரல் பஞ்சு மாதிரி இருக்கும். தலையை ஒரு பக்கம் சாய்த்துத்தான் பேசுவார். படிப்புக் கவலை என்றால் இடது பக்கம், மனக்கவலை என்றால் வலது பக்கம். மேசையில் டிஷ்யூ பெட்டி. சுவரில் "நீ தனியாக இல்லை" என்று ஒரு படம்.

"சொல்லும்மா" என்றார், தலையை வலது பக்கம் சாய்த்து.

"சார், எங்கம்மாவுக்கு..."

"புரியுதும்மா."

"இல்ல சார், நான் இன்னும் சொல்லவே..."

"நீ சொல்லவே வேணாம். முகமே சொல்லுது. வீட்டு ஞாபகம். அம்மா ஞாபகம். சரிதானே?"

அம்மா ஞாபகம் இல்லை என்று எந்தப் பெண் சொல்லுவாள்? வாலு தலையை ஆட்டினாள். கேஸ் முடிவாகிவிட்டது.

நான் குறுக்கே புகுந்தேன். "சார், வெள்ளிக்கிழமைக்குள்ள துறைத்தலைவர்கிட்ட ஒரு வார்த்தை..."

"நீங்க யாரு சார்?"

"தாய்மாமன்."

"ரொம்ப சந்தோஷம் சார்! குடும்பத்தோட ஆதரவு இருந்தா பாதி குணமான மாதிரி" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அத்தோடு என் வேலையும் முடிந்தது.

இனித்தான் இருக்கிறது வேடிக்கை. பிள்ளையைத் தனியாக இன்னொரு அறைக்கு அனுப்பக் கூடாது, பொறுப்பாளரே கூட்டிக்கொண்டு போய் ஒப்படைக்க வேண்டும் என்று அங்கே ஒரு வழக்கம். அனுப்பிவைப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? வாலுவின் முழங்கையை லேசாகத் தாங்கியபடி, வழியில் தோட்டத்தைக் காட்டி, நூலகத்தைக் காட்டி, எதிரே வந்தவர்களுக்கெல்லாம் வணக்கம் வைத்து, பொண்ணை மணமேடைக்கு அழைத்துப் போகிறவர் மாதிரி நடந்தார். கவுன்சலர் அம்மாவின் அறைக்குள் போனதும், பிள்ளைக்கு எதற்குச் சிரமம் என்று, அவள் கதையை அவரே சொன்னார். உருக்கமாகச் சொன்னார். சொல்லி முடித்தபோது கவுன்சலர் அம்மாவும் நானும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தோம். கதையில் ஆபரேஷனும் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை.

கதையைக் கேட்ட கவுன்சலர், தூக்கம் இல்லையா, முதலில் டாக்டரைப் பாருங்கள் என்றார். டாக்டர் நாடி பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லை, தங்கும் இடம் சரியில்லையோ என்றார். ஹாஸ்டல் வார்டன், என் ஹாஸ்டலுக்கு என்ன குறை, படிப்பில்தான் ஏதோ பயம் என்றார். படிப்புக்கு ஆலோசகராக இருந்த இளம் பேராசிரியை, இதையெல்லாம் கவனிக்கத்தானே மாணவர் நலப் பிரிவில் ஒரு பொறுப்பாளர் இருக்கிறார் என்றார். அந்தப் பொறுப்பாளர் பக்கத்திலேயே நின்று, "ரொம்பச் சரியாச் சொன்னீங்க மேடம்" என்றார்.

அறைக்கு அறை கதையும் வளர்ந்தது. டாக்டரிடம் போனபோது அறைத்தோழியோடு ஒரு மனஸ்தாபம் சேர்ந்திருந்தது. பேராசிரியையிடம் வந்தபோது ஒரு காதல் தோல்வியும் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் ஒட்டினார்கள் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். வெளியே வந்ததும் வாலு என் காதருகில் கேட்டாள்:

"யாரு மாமா அந்தப் பையன்?"

ஆபரேஷனுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். அதற்காக மட்டும் பொறுப்பாளருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். ஆனால் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அவள் முகம் மறுபடி வாடிவிட்டது.

"எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்காங்க மாமா. யார்மேல கோவப்படறதுன்னே தெரியல. நான்தான் சரியில்லையோன்னு தோணுது."

திட்டு வாங்கிய பிள்ளை அழுதுவிட்டு எழுந்துவிடும். இப்படித் தடவிக்கொடுத்தே நகர்த்திவிட்ட பிள்ளை எங்கே போய் அழும்?

வியாழக்கிழமை கேஸ் கூட்டம். கவுன்சலர், டாக்டர், வார்டன், பேராசிரியை, தலைமையில் நம் பொறுப்பாளர். வாலுவைப் பற்றிய கூட்டம் என்பதால் வாலுவுக்கு உள்ளே இடமில்லை. நானும் அவளும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தோம். உள்ளே டீ போனது, பிஸ்கட் போனது. பொறுப்பாளர் எழுந்து நின்று பேசினார். எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பாடா, இன்றைக்கு விடிவு வந்துவிட்டது என்று நானும் ஏமாந்தேன்.

கதவு திறந்தது. பொறுப்பாளர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"ஒரே மனசா முடிவு பண்ணிட்டோம்மா! உனக்கு இப்ப தேவை ஓய்வு. ஒரு மாசம் வீட்டுல அம்மாகூட இருந்துட்டு வா. வகுப்பைப் பத்தி நினைக்கவே நினைக்காத. லீவுக்கு நாங்களே ஏற்பாடு பண்ணிட்டோம்!"

பின்னால் நின்ற நாலு பேரும் புன்னகைத்தார்கள். வாலு அவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"சார்... நான் லீவு போட்டதுதான் சார் பிரச்சனையே."

கவுன்சலர் பொறுப்பாளரைப் பார்த்தார். டாக்டர் கையிலிருந்த பிஸ்கட்டைப் பார்த்தார்.

"அடடா, இதை நீ மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா?" என்றார் பொறுப்பாளர், தலையை இடது பக்கம் சாய்த்து.

எனக்கு வந்ததே ஆத்திரம்! கடையில் கடன் சொல்கிறவனிடம்கூட நான் குரலை உயர்த்தியதில்லை. வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவர், "கவலையே வேணாம். துறைத்தலைவர் கொஞ்சம் கோபக்காரர், நேரா போகக் கூடாது. அவர்கிட்ட எப்படிப் பேசணும்னு தெரிஞ்ச ஒருத்தர் அடுத்த கட்டடத்துல இருக்கார். வா, நானே கூட்டிட்டுப் போய்..." என்று வாலுவின் முழங்கையைத் தேடிக் கையை நீட்டினார்.

வாலு கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"வேணாம் சார். நானே போறேன்."

அந்தக் கட்டடத்தில் யாரோ ஒருவர் மறுத்துச் சொல்லி நான் கேட்டது அப்போதுதான். நடந்தாள் பாருங்கள், பழைய வாலு மாதிரி! நான் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓட வேண்டியிருந்தது.

துறைத்தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் சிடுமூஞ்சி. பெயருக்குக் குறை வைக்காத முகம். நாற்காலி இழுத்துப் போடவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. நிமிராமல், "என்ன?" என்றார்.

வாலு அந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் உடைந்து அழுதுவிட்டாள். மனுஷர் ஆடிப்போய்விட்டார். என்னைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார், திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளைப் பார்த்தார். அழுகிற பிள்ளையை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவே தெரியாது. தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் புரியல. உட்காரு. மறுபடி மொதல்லேருந்து சொல்லு."

அவள் உட்கார்ந்தாள். மறுபடி சொன்னாள். இந்தத் தடவை இரண்டு வாக்கியம் இல்லை. அக்காவை ஆபரேஷன் அறைக்குள் தள்ளிக்கொண்டு போனபோது கதவு மூடியதையும், விழிக்காமலே போய்விடுவாளோ என்று பயந்ததையும், இன்னமும் கண்ணை மூடினால் அந்தக் கதவே வருவதையும் சொன்னாள். எனக்கே இதெல்லாம் தெரியாது. நடுவில் யாரோ கதவைத் தட்டி எட்டிப் பார்த்தார்கள். "அப்புறம் வா" என்று சிடுமூஞ்சி சிடுசிடுத்தார். அது எங்களுக்கு இல்லை, அவர்களுக்கு.

கேட்டு முடித்துப் போனை எடுத்துப் பரீட்சைப் பிரிவுக்குப் பேசினார். "பொண்ணு எழுதுவா. நான் சொல்றேன். ஆஸ்பத்திரி பேப்பர் நாளைக்கு வரும்." போனை வைத்தார். பிறகு வாலுவிடம், "தனியா இருந்தா அந்தக் கதவு வருதில்ல? சாயங்காலம் இங்க வந்து உட்கார்ந்து படி. நான் பேப்பர் திருத்திட்டு இருப்பேன். என்கூட பேசணும்னு இல்ல. எனக்கும் பேச வராது" என்றார்.

வாலு பரீட்சை எழுதிவிட்டாள். இப்போது தூங்குகிறாள், சாப்பிடுகிறாள், என்னை எதிர்த்துப் பேசுகிறாள். நடுவில் ஒருநாள் தானாகவே கவுன்சலர் அம்மாவிடமும் போயிருக்கிறாள். பக்கத்தில் கதை சொல்ல ஆள் இல்லாததால் அந்த அம்மாவுக்கு இவள் குரலைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. நன்றாகக் கேட்கிறவராம், பாவம்.

வருட முடிவில் ஒரு விழா வைத்து என்னையும் கூப்பிட்டார்கள். பொறுப்பாளர் மேடையேறி, பெயர் சொல்லாமல் வாலுவின் கதையைச் சொல்லி, "உரிய நேரத்தில் உரிய இடத்துக்கு அனுப்பிவைத்தோம்" என்று முடித்தார். காதல் தோல்வி அப்படியே இருந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இறங்கி நேரே என்னிடம் வந்து, "பாப்பா எப்படி சார் இருக்கா?" என்று கேட்டார். கண்ணில் நிஜமான கண்ணீர். அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. மனுஷர் நடிக்கவில்லை. முழு மனதோடுதான் அவளை வாசல் வாசலாகக் கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

இவ்வளவும் படித்த உங்களுக்கு இப்போது ஒருவர் முகம் மனதில் வந்திருக்குமே? உங்கள் மேலாளரோ, மைத்துனரோ, மாடிவீட்டுக்காரரோ? "அச்சு அசல் அவரேதான்!" என்று தொடையைத் தட்டியிருப்பீர்கள். இதை உடனே அவருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று கையும் துறுதுறுக்கும். தாராளமாக அனுப்புங்கள். யாருக்கு அனுப்பலாம் என்று நீங்கள் போனில் பெயர் தேடிக்கொண்டிருக்கும்போது, உங்கள் வீட்டுப் பிள்ளை அறை வாசலில் வந்து கொஞ்சநேரமாக நின்றுகொண்டிருக்கிறதே, அது என்னவோ சொல்ல வந்த மாதிரி இருக்கிறது. நிமிர்ந்து பாருங்கள். "அம்மாகிட்ட கேளு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மாதான் உங்களிடம் அனுப்பியிருக்கிறாள்.