எம்.எல்.ஏ. வீட்டில் இல்லை

"வந்துட்டாரும்மா!" என்றான் உதவியாளர் செந்தமிழன், போனில் குரலைத் தாழ்த்தி. "விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்காந்து உங்களப் பத்தித்தான் விசாரிக்கிறாரு."

எம்.எல்.ஏ. வேல்விழி அப்போது நல்லூர்ப் பக்கம் ஒரு நிழற்குடையைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் ரிப்பனின் பாதியிலேயே நின்றது.

"யாருப்பா?"

"கட்சி அனுப்பின ஆளு. கையில சின்ன நோட்டு. 'எம்.எல்.ஏ. ஆளு எப்படி? கோவக்காரங்களா? வூட்டுக்கு எத்தினி மணிக்கு வருவாங்க?'ன்னு கேக்குறாரும்மா."

பத்து நாளில் வேட்பாளர் பட்டியல் வரப்போகிறது. ஊர் ஊராக ரகசிய ஆள் விட்டு விசாரித்துத்தான் இந்த முறை சீட்டு என்று பேச்சு. பீங்கான் பட்டறையில் பியூஸ் கட்டைக்கு மெருகு பூசிக்கொண்டிருந்தவள் வேல்விழி. ஐந்து வருடத்துக்கு முன் யாரும் எதிர்பாராமல் சீட்டு வந்தது, யாரும் எதிர்பாராமல் ஜெயித்தாள். இனி சீட்டு இல்லையென்றால் காலை ஒன்பது மணிக்கு எங்கே போவது என்று ஒருகணம் நினைத்துப் பார்த்தாள். ஓர் இடமும் தோன்றவில்லை.

"டீக்கடை விருத்தகிரிகிட்ட சொல்லு. நான் வூட்டுலயே தங்குறதில்ல, எந்நேரமும் சனங்களோடதான் இருக்கேன்னு சொல்லணும்."

விருத்தகிரி ஒன்று சொல்லச் சொன்னால் மூன்றாகச் சொல்கிறவர். கார் நல்லூரைத் தாண்டுவதற்குள் செந்தமிழன் மறுபடி கூப்பிட்டான்.

"சொல்லிட்டாரும்மா. 'எம்.எல்.ஏ.ம்மா வூட்டுக்கு வர்றதே சேலை மாத்தத்தான். சமையக்கட்டு எந்தப் பக்கம்னே அவங்களுக்குத் தெரியாது. வூட்டுக்காரருதான் சோறாக்குறாரு'ன்னுட்டாரு."

"அய்யய்யோ, அத எதுக்குச் சொன்னாரு?"

"அந்தாளு அத எழுதி அடிக்கோடு வேற போட்டுக்கிட்டாரு. அப்பறம், 'பையன் ஒருத்தருதானா?'ன்னு கேட்டாராம்."

வேல்விழிக்குப் பளிச்சென்று புரிந்தது. வாரிசு! மகனைக் கொண்டுவரப் பார்க்கிறாளா என்று தலைமை சந்தேகப்படுகிறது.

"அடுத்து எங்க போறாரு?"

"உங்க பழைய பட்டறைக்கும்மா."

"அங்க மாரியம்மா இருப்பா, போனைப் போடு. பையன் விஷயத்துல நான் தலையிடவே மாட்டேன்னு சொல்லச் சொல்லு. எனக்குக் கோவமே வராதுன்னும் சொல்லட்டும்."

மாரியம்மாள் பன்னிரண்டு வருடம் அவளுக்குப் பக்கத்தில் நின்று மெருகு பூசியவள். உயிரே போனாலும் பொய் வராது. என்ன சொன்னாள் என்பதை அவளே கூப்பிட்டுப் பெருமையாக ஒப்பித்தாள்.

"கோவம் வராதுன்னு எப்படிடி சொல்றது? போன மழையில காவா அடைச்சிக்கிட்டப்ப எஞ்சினீயரை முட்டித் தண்ணியில எறக்கி ஒரு மணி நேரம் நிக்க வச்ச இல்ல, அத சொன்னேன். ஆனா வூட்டு ஆளுங்கள ஒரு வார்த்தை கேக்க மாட்டா, கேக்க ஏது நேரம்னுட்டேன். 'பெத்த புள்ள நெலவன் மெட்ராஸ்ல எந்தக் கம்பெனியில இருக்குறான்னு அவளையே கேட்டுப் பாருங்க, தெரியாது'ன்னேன். நல்லா சொன்னனா?"

"நல்லா சொன்ன."

போனை வைத்துவிட்டு மகனுடைய கம்பெனியின் பெயரை நினைத்துப் பார்த்தாள். ஏதோ 'டெக்' என்று முடியும். முன்பாதி வரவே இல்லை. ரயில்வே கேட் மூடித் திறக்கும்வரை யோசித்தாள். தொகுதியில் இருநூற்றுச் சொச்சம் மேல்நிலைத் தொட்டிகள், ஒவ்வொன்றுக்கும் மோட்டார் போடுகிறவர் பெயர் தெரியும். இது வரவில்லை.

செந்தமிழன் மறுபடி கூப்பிட்டான். "அம்மா, உங்க தெருவுக்கே வராரு!"

"வண்டிய வூட்டுக்கு வுடுப்பா," என்றாள் டிரைவரிடம். குடும்பத்தையும் பார்க்கிறவள்தான் என்று கண்ணால் காட்டிவிட வேண்டியதுதான்.

காலை பதினொரு மணிக்கு அவளை வாசலில் பார்த்ததும் கணவர் திருமால் பேப்பரைக் கீழே போட்டார்.

"என்னா விழி, சட்டசபைய கலைச்சிட்டாங்களா?"

"நகருங்க. சமைக்கப் போறேன்."

"நீயா?"

"கடுகு எங்க?"

"நீல மூடி."

"உப்பு?"

"நேத்து இருந்த எடத்துலதான்."

"நேத்து எங்க இருந்துச்சு?"

திருமால் எட்டி எடுத்துக் கொடுத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுக்கிற மரியாதைதான் இருந்தது. வேல்விழியைச் சுட்டது அதுதான்.

எண்ணெய் காய்ந்தது. கடுகைப் போட்டாள். போன் அடித்தது. தொகுதியிலுள்ள மங்களூர் கிராமத்தில் மூன்று நாளாகத் தண்ணீர் இல்லையாம்.

"எந்த போரு? மாரியம்மன் கோயிலு பின்னாடியா? அது மோட்டரு இல்லம்மா, ஸ்டார்ட்டரு போயிருக்கும். இருங்க, ஆள அனுப்புறேன்..."

பேசி முடித்துத் திரும்பியபோது சமையலறை முழுக்கப் புகை. கடுகு கரியாகிக் கிடந்தது. வாசலில் வெள்ளை வேட்டி கட்டிய ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருமிக்கொண்டு நின்றார். கையில் நோட்டு.

வேல்விழி கரண்டியைக் கீழே வைத்தாள். திடீரென்று ஓய்ந்துபோனது மாதிரி இருந்தது. இனி நடிக்க முடியாது.

"உள்ள வாங்க சார். எழுதிக்குங்க. டீக்கடையில சொன்னதும் நெசம், பட்டறையில சொன்னதும் நெசம். எனக்கு இந்த வூட்டுல உப்பு எங்க இருக்குதுன்னு தெரியாது. மங்களூர்ல எந்த போரு ஓடலன்னு தெரியும். இந்த வேலையத் தவிர எனக்கு வேற எதுவும் வராது, புடிக்கவும் புடிக்காது. சீட்டு குடுத்தா குடுங்க, இல்லாட்டி போங்க."

வந்தவர் மிரண்டுபோனார்.

"சீட்டா? நான் எந்தக் கட்சியும் இல்லீங்கம்மா. திட்டக்குடி பக்கம் விவசாயம். எங்க பொண்ணு காவியாவும் உங்க பையனும் ஒரே கம்பெனியில வேலை செய்யறாங்க. ரெண்டு பேரும் பிரியப்படுறாங்களாம். சொல்லாம கொள்ளாம வந்து மாமியார் எப்படி, குடும்பம் எப்படின்னு நாலு எடத்துல விசாரிச்சிட்டுப் பேசலாம்னுதான்..."

வேல்விழி தன் போனைப் பார்த்தாள். காலையிலிருந்து போன் போட்டுப் போட்டு, ஊரையே கூட்டி, பெற்ற பிள்ளையின் கல்யாணத்தைத் தன் கையாலேயே கெடுத்திருக்கிறாள். திருமால் அடுப்பை அணைத்தார்.

"எல்லாத்தையும் எழுதிக்கிட்டீங்களா?" என்றாள் மெதுவாக.

"எழுதி, பொண்ணுகிட்ட போன்ல படிச்சும் காமிச்சிட்டேங்க," என்றார் வந்தவர், நோட்டை மடித்தபடி. "'அப்பா, இந்த மாமியாரை வுட்டுடாதீங்க'ன்னு ஒரே புடியா நிக்குது, ஆனா ஒரு கண்டிஷன், அடுத்த எலக்சன்லயும் நீங்க ஜெயிச்சே ஆவணுமாம்."