புரோசார்ட் வீட்டுக்கு வந்த வெள்ளிக்கிழமைக் கூட்டம்

மொன்றியல்,
ஜூன் 1996

மதிப்புக்குரிய சித்தப்பா,

கடிதம் எழுதுவதற்கே முதலில் மன்னிக்கவேண்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் நீங்கள், இந்தப் பக்கம் நாங்கள். ஒரு பாலத்தைக் கடக்க முத்திரை ஒட்டுகிறாளே என்று சிரிப்பீர்கள். தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்டாலே சொல்ல வந்தது எனக்கு மறந்துவிடும். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லும் பெண் எழுத்திலாவது ஒழுங்காகப் பேசவேண்டும் அல்லவா. சித்தியின் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்றும், ஒட்டாவாவிலிருந்து திரும்பிய களைப்பு உங்களுக்குத் தீர்ந்திருக்கும் என்றும், வரவேற்பறைக் கம்பளம் காய்ந்திருக்கும் என்றும் நம்புகிறேன்.

கம்பளம் என்றதும் விஷயத்துக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நான் படிப்பிக்கும் வகுப்பை இந்தக் கோடையில் வடக்கே காட்டுக்குள் இருக்கும் முகாமுக்கு ஒரு வாரம் கூட்டிப்போக ஏற்பாடு. மழை இல்லாத வருடம் என்பதால், காட்டுத்தீ வந்தால் என்ன செய்வது என்று பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருந்தால்தான் அனுமதி என்று முகாமின் பாதுகாப்புப் பொறுப்பாளர் செலீன் சொல்லிவிட்டார். அவர் படங்களோடு வந்து பிரெஞ்சில் விளக்கினார், நான் தமிழில் சொன்னேன். பிள்ளைகள் பிரெஞ்சை விளங்கிக்கொண்டார்கள். தமிழை மரியாதைக்குக் கேட்டார்கள். புகை மணந்தால் காத்திருக்கக்கூடாது. அவசியமானவற்றோடு ஒரு பை வாசலில் இருக்கவேண்டும். எங்கே போவது என்பதை முன்பே தீர்மானிக்கவேண்டும். நீங்கள் எங்கே போவீர்கள் என்று வீட்டில் கேட்டு எழுதி வாருங்கள் என்றேன். உதாரணம் கேட்டார்கள். பலகையில், "நாங்கள் புரோசார்ட்டில் இருக்கும் யோகேந்திரன் வீட்டுக்குப் போவோம். நடுவில் ஆறு இருப்பதால் அங்கே தீ வராது" என்று எழுதினேன்.

பலகையில் இருப்பதைப் புள்ளி பிசகாமல் பார்த்து எழுதுவதுதான் நம் பிள்ளைகளின் படிப்பு. வகுப்பு முழுவதும் யோகேந்திரன் வீட்டுக்குப் போவதாக எழுதியது. ரீச்சரே எல்லாம் ஒழுங்குபண்ணிவிட்டா என்று பெற்றோரும் ஆறுதலடைந்தார்கள். உங்கள் வீடு தெரியாதவர் யார், நீங்கள் புது வீட்டுக்குக் குடிபூரலுக்கு அழைத்தபோது வந்து சாப்பிட்டவர்கள்தானே. அடுத்த சனிக்கிழமை அதைக் கண்டிருந்தால் திருத்தியிருப்பேன். ஆனால் அதற்கு முந்தின நாள் வெள்ளி பின்னேரமே வடக்குக் காட்டின் புகை நகரத்துக்கு மேலே மெல்லிய மஞ்சளாக வந்து நின்றுவிட்டது.

யன்னலைச் சாத்தினால் போதும் என்று வானொலியில் சொன்னார்கள். ஆனால் என் வகுப்புக் கெட்டிக்காரி தாரா தாயிடம், "அம்மா, புகை மணந்தா நிக்கக்கூடாது. வெளிக்கிடுங்கோ" என்றிருக்கிறாள். தாய் மாக்கிரட் அக்காவுக்கு வெளிக்கிடுவதைப் பற்றி யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. யாழ்ப்பாணத்தில் எத்தனை தரம் வெளிக்கிட்டவர். பொலித்தீனில் சுற்றிய பிறப்புச் சான்றிதழ்கள், நகை, புட்டுப் பானை, இரண்டு பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி எல்லாம் கொஞ்ச நேரத்தில் வாசலுக்கு வந்துவிட்டன. அவர் மற்றத் தாய்மாருக்கு ரெலிபோன் அடிக்க, அவர்கள் மற்றவர்களுக்கு அடிக்க, இன்னொரு பிள்ளையின் தகப்பன் நகுலேஸ்வரன் அண்ணை தன் வான் வண்டியில் ஆட்களை ஏற்றத் தொடங்கினார். அவர் கொண்டுவந்தது கடையில் வாடகைக்கு எடுத்த படக் கசெற்றுகளை மட்டும். "எரிஞ்சா ஆர் பதில் சொல்லுறது" என்றாராம்.

பாலத்தில் வாகன நெரிசல். உங்கள் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது எல்லோர் முகமும் களைத்து வாடியிருந்தது. சித்தி கதவைத் திறந்தார். நம் ஆட்கள் முன்னறிவிப்பு இல்லாமல், சிரிக்காத முகத்தோடு, பிளாஸ்கில் தேத்தண்ணியோடு ஒரு வீட்டுக்கு ஏன் வருவார்கள்? அடுப்பு மூட்டாத செத்தவீட்டுக்குத்தான் வருவார்கள். நீங்களோ ஒட்டாவாவில். "ஐயோ, என்ர மனுசனுக்கு என்ன நடந்தது" என்று சித்தி மாக்கிரட் அக்காவின் தோளில் விழ, பிளாஸ்க் கம்பளத்தில் விழுந்தது. சித்தி அழுவதைக் கண்ட மாக்கிரட் அக்கா, தீ ஆற்றைத் தாண்டிவிட்டது என்று நினைத்து அழுதார். பின்னால் நின்றவர்கள் காரணம் கேட்பது முறையல்ல என்று சேர்ந்து அழுதார்கள். முன்வீட்டுப் பிரெஞ்சுக்காரி தான் சுட்ட ஆப்பிள் பை ஒன்றோடு வந்து சித்தியைக் கட்டிப்பிடித்தாராம்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் ஒட்டாவாவிலிருந்து அழைத்திருக்கிறீர்கள். எடுத்தது நகுலேஸ்வரன் அண்ணை.

"யோகேந்திரன் வீடுதானே?"

"ஓம். அவர் போயிட்டார், அண்ணை. சனம் வந்துகொண்டிருக்கு. நீங்கள் ஆர்?"

"நான்தான் யோகேந்திரன்."

"அப்பிடியெண்டா ஒருக்கா லைனில நில்லுங்கோ, மனுசியிட்டைச் சொல்லுறன்."

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். நான் விஷயம் கேள்விப்பட்டு, மெற்றோ ரயிலில் லொங்குய்ய் நிலையம் வரை வந்து, பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது, சித்தி கண்ணைத் துடைத்துவிட்டு எல்லோருக்கும் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாடி பட்டதாரி, தேங்காய் திருவு" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சொன்னவர் எங்கள் பள்ளி அதிபர் மகேந்திரராசா மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை பெற்றோரைக் கூட்டினார். "காட்டுத்தீயைப் பற்றிப் படிப்பியும் பிள்ளை எண்டால், சனத்தை இடம்பெயர்த்துப்போட்டீரே." பெற்றோர் சிரித்தார்கள். செலீன் அனுமதி தராவிட்டால் முகாமும் இல்லை, அந்த வகுப்பு எனக்கும் இல்லை என்று முடித்துவிட்டார். முகாம் இல்லையென்றால் தாரா கோடை முழுவதும் எங்கள் கட்டடத்துப் பல்கனியில் நின்று கீழே போகும் பஸ்களைப் பார்ப்பாள். என் நிலையைச் சொன்னால், கடையில் மிச்சக்காசைக்கூட வாய் திறந்து கேட்காத எனக்கு அந்த வகுப்புக்குள் மட்டும்தான் குரல் வருகிறது. அது போனால் எங்கே பேசுவேன் என்று தெரியவில்லை.

ஆனாலும் பிழை என்னுடையது. கம்பளத்தைக் கழுவ நானே வருகிறேன். இனி எந்தப் பலகையிலும் உங்கள் பெயரை எழுதமாட்டேன். இப்படி ஒரு கூட்டம் உங்கள் வாசலை இனி மிதிக்காது, இது உறுதி.

நீங்களும் சித்தியும் நோய்நொடியில்லாமல், சொல்லிவிட்டு வரும் விருந்தாளிகளோடு மட்டும் நெடுங்காலம் வாழவேண்டும்.

அன்புள்ள,
கஜந்தினி

பி.கு.: உறையை ஒட்டப்போன நேரம் செலீன் அழைத்தார். இத்தனை வருடமாகச் சொல்லிக்கொடுத்தும், எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுத் தாளைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டிவிடுவார்களாம். புகை மணந்தவுடன் பத்திரங்கள், தண்ணீர், சாப்பாட்டோடு இருட்ட முன்னர் வெளிக்கிட்ட சனத்தை அவர் இப்போதுதான் கேள்விப்படுகிறாராம். ஒரு தரம் நேரில் பார்த்தால் அங்கேயே அனுமதியில் கையெழுத்து வைப்பாராம். மாஸ்டர் இப்போது என்னை "எங்கட ரீச்சர்" என்கிறார். பள்ளிக்கூடத்திலேயே செய்து காட்டுவோம் என்றேன். "அங்கை ஆர் இடியப்பம் தருவினம்? புரோசார்ட் எண்டால் வாறம்" என்று நகுலேஸ்வரன் அண்ணை சொல்ல, பெற்றோர் எல்லோரும் அதே சொல். சித்தி சம்மதித்துவிட்டார், "உன்ர சித்தப்பாவை நீயே கேள்" என்று மட்டும் சொன்னார். ஆகவே கேட்கிறேன்: வரும் சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் எல்லோரும் வரலாமா? வந்தால், இந்த முறை கதவை நீங்களே திறக்கவேண்டும், சித்தப்பா.