கொன்செட்டாவின் கூடை

கோசோத் தீவிலிருந்து படகேறி வந்த விஸ்டின், தலைநகர் வல்லெட்டாவின் படிக்கட்டுத் தெருவில் அண்ணாந்து நின்று விழித்துக்கொண்டிருந்தான். "மூன்றாம் மாடி, பச்சை பால்கனி. மதிய பீரங்கி வெடிப்பதற்குள் கூடை இறங்கும். மோதிரத்தை அதில் போடு" என்று காதலி டோரிஸ் எழுதியிருந்தாள். கோட்டையில் தினமும் நண்பகலை அறிவிக்கும் அந்தப் பீரங்கி வெடித்தால் அவள் அப்பா பெர்த்து சாப்பிட வந்துவிடுவார். அதற்குள் மோதிரம் அவள் விரலில் ஏறிவிட வேண்டும். இல்லையென்றால், கோசோக்காரனுக்குப் பெண் கிடையாது என்றுவிடுவார்.

மூன்றாம் மாடியில் பச்சை பால்கனிகள் இரண்டு இருந்தன!

ஒன்றிலிருந்து கூடை இறங்கியது. போட்டான். கூடை விறுவிறுவென்று மேலே ஏறியது. எட்டிப் பார்த்த தலை நரைத்திருந்தது.

"ஐயோ மாதாவே, மோதிரம்!" தையற்காரி கொன்செட்டா போட்ட சத்தத்தில் தெருவின் பால்கனிகள் எல்லாம் திறந்துகொண்டன.

"அம்மா, அது உங்களுக்கு இல்ல..."

"காது கேக்கல, சத்தமாச் சொல்லு!"

சத்தமாகச் சொல்ல வாயெடுத்தான். கீழ்ப்படியில் பெர்த்துவின் தொப்பி தெரிந்தது. இன்றைக்கென்று பார்த்து மனிதர் சீக்கிரம் வருகிறார்.

"என்ன கூச்சல்? யாரு போட்ட மோதிரம்?" என்றார் பெர்த்து.

விஸ்டின் சுற்றுமுற்றும் பார்த்தான். பக்கத்தில் ரொட்டிக்காரர் சல்வு மூட்டையோடு நின்றிருந்தார்.

"ஏங்க சல்வு, நீங்களா போட்டீங்க?" என்றாள் கொன்செட்டா.

"ஆமாங்க, இவருதான்!" என்று விஸ்டின் முந்திக்கொண்டான்.

தெரு கைதட்டியது. சல்வுவின் காதுகூடச் சிவந்துவிட்டது. ஆனால் மனிதர் மறுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, "வந்து... சம்மதமா?" என்றார்.

"சம்மதம்!" என்றாள். பீரங்கி வெடித்தது.

பெர்த்து சந்தோஷத்தில் விஸ்டினையும் கட்டிக்கொண்டார். "நல்ல சேதி சொன்ன புள்ள! சாப்பிடாமப் போகக் கூடாது, எங்க வீட்டுக்கு வா."

பெண் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதா? விஸ்டின் மூன்று மாடியும் ஓடி ஏறினான். அழுகையே வந்துவிட்டது.

"அம்மா, அது என் டோரிஸுக்கு வாங்கின..."

கொன்செட்டா கதவைச் சாத்திவிட்டு மோதிரத்தை அவன் கையில் வைத்தாள்.

"தெரியும் தம்பி. பதினெட்டு வருஷமா அந்த மனுஷன் என் கூடையில ரொட்டியை மட்டும்தான் போட்டாரு. பக்கத்து வீட்டுல இருந்து பாத்த டோரிஸுக்கே பொறுக்கல. 'அத்தை, நாளைக்கு எனக்கு ஒரு மோதிரம் வருது, முதல்ல நீங்க கூடையை இறக்குங்க'ன்னு நேத்தே சொல்லிட்டுப் போயிட்டா."